இல்லாத வீட்டின் முகவரி

கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கம்பளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கெலிஓயா. சாலையும் புகையிரதப் பாதையும் தொட்டுச் செல்லும் அச்சிற்றூருக்குக் கடிதம் கொண்டுவரும் அஞ்சற்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் பையிலுள்ள ஒவ்வொரு கடிதத்தின் மீதும் ஒரு முகவரி எழுதப்பட்டிருக்கும். முகவரி என்பது வீடு அன்று. வீட்டைச் சுட்டும் எழுத்தே அது. எழுத்தில் வீடு இருப்பதனால் நிலத்திலும் வீடு இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. வீடு இடிக்கப்பட்டிருக்கலாம், வேறொருவர் குடியேறியிருக்கலாம், முகவரியை எழுதிய வேளையிலேயே அவ்விடம் வெறுநிலமாய்க் கிடந்திருக்கலாம். ஆயினும் அஞ்சற்காரர் மனிதர். வீட்டைக் காணாவிடின் அயலாரை வினவுவார். ஒருவரும் அறியாவிடின் அவ்வாறே குறித்துக் கடிதத்தை அனுப்பியவருக்குத் திருப்பிவிடுவார். கணினியோ எவரையும் வினவாது. எழுதியிருக்கும் முகவரிக்கு அது செல்லும். அங்கே யாதும் இல்லையாயின் வேலை அனைத்தும் அந்த இடத்திலேயே சரிந்துவிடும்.

இது வெறும் உவமை அன்று. கணினி இயங்கும் முறையின் பெரும்பகுதி முகவரிகளால் ஆனதே. இக்காலக் கைத்தொலைபேசி ஒன்றில் எட்டுக் கிகாபைட்டு நினைவகம் இருப்பின், அதில் ஏறத்தாழ 859 கோடிச் சிற்றறைகள் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு; அவ்வெண்ணே அதன் முகவரி. நிரல் ஒன்று இயங்கும்போது பெயர், பணத்தொகை, படம் முதலியவற்றை இவ்வறைகளில் வைத்து, அவை இருக்கும் அறையின் எண்ணை வேறோர் அறையில் குறித்துக்கொள்கிறது. அவ்வாறு எண்ணைத் தாங்கி நிற்கும் குறிப்பைச் சுட்டு எனலாம். வேலை முடிந்ததும் அறைகளைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். இல்லையேல் இடம் தீர்ந்துபோகும். அறையை யார் பெறுவது, எப்பொழுது எவர் திருப்பிக் கொடுப்பது என்பதே நினைவக நிருவாகம். சுட்டு எதனையும் சுட்டாது வெறுமையாய் நிற்கும்போது நிரலுக்கு யாது நேரும் என்பது வெறுமைக் காப்பு. இவ்விரு வினாக்களுக்கும் நிரல்மொழிகளை வகுத்தோர் 1950களின் இறுதி தொடக்கம் விடை தேடி வந்துள்ளனர். அவ்விடைகளின் வரலாற்றில் இலங்கைக்கு இருமுறை இடம் கிடைத்திருக்கிறது.

முதல் இடம் ஒரு பிறப்பினால் வந்தது. 1934ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் கொழும்பிலே பிறந்தவர் சார்ள்ஸ் அன்ரனி றிச்சர்ட் ஹோர். உலகம் அவரை டொனி ஹோர் என்று அறியும். பெற்றோர் பிரித்தானியர். தந்தையார் குடியேற்ற நாட்டு ஆட்சியில் அலுவல் பார்த்தவர். தாயார் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் மகள். இங்கிலாந்திற் கல்வி கற்ற ஹோர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து மேட்டன் கல்லூரியிற் பயின்றது கணிதமோ பொறியியலோ அன்று. கிரேக்கமும் இலத்தீனும் மெய்யியலும் அவர் பாடங்கள். 1956இல் பட்டம் பெற்றபின் கடற்படையில் கட்டாயச் சேவை புரிந்தபோது உருசிய மொழி கற்றார். அம்மொழியறிவு அவரை மொஸ்கோ பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றது. உருசிய வாக்கியங்களைப் பொறியால் ஆங்கிலமாக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், சொற்களை அகரவரிசைப்படுத்தும் விரைவான வழியொன்றை அங்கே கண்டார். விரைவு வரிசையாக்கம் எனப்படும் அம்முறை இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது.

1960இல் அவர் இங்கிலாந்தின் எலியட் சகோதரர் கணினி நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே அல்கோல் 60 என்னும் மொழிக்குத் தொகுப்பி அமைக்கும் பணி அவர் தலைமையில் நடைபெற்றது. தொகுப்பி என்பது மனிதர் எழுதும் நிரலைப் படித்து, பிழை கண்டால் மறுத்து, பிழையற்றதைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தருவது. அத்தொகுப்பியில் அவர் ஒரு நெறியைக் கைக்கொண்டார். பத்து அறைகள் கொண்ட அட்டவணை ஒன்றில் பதினோராம் அறையை நிரல் கேட்குமாயின், பொறி கண்மூடிக் கொடுத்துவிடாது. ஒவ்வொரு முறையும் எல்லையைச் சோதித்துப் பார்க்கும். அன்றைய கணினிகள் மிக மெதுவானவை. ஒவ்வொரு சோதனைக்கும் நேரம் செலவாயிற்று. சில ஆண்டுகள் கழிந்தபின், விரைவு வேண்டுமாயின் இச்சோதனையை நிறுத்திவிடும் வசதி தரட்டுமா என்று வாடிக்கையாளரிடம் கேட்கப்பட்டது. அவர்கள் ஒருமுகமாக வேண்டாம் என்றனர். தம் நிரல்களில் இத்தகைய பிழைகள் எத்துணை அடிக்கடி நேர்கின்றன என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தனர். கணினித் துறையின் உயர் விருதாகிய டியூரிங் விருதை 1980இல் ஏற்று ஆற்றிய உரையில் ஹோர் இச்செய்தியைக் கூறினார். இத்தகைய எளிய முற்காப்பைக் கைவிடுவது வேறு எந்தப் பொறியியற் றுறையிலும் சட்டத்துக்கே மாறானதாகக் கருதப்பட்டிருக்கும் என்பது அவர் கருத்து.

அத்துணை விழிப்புடைய அவரே வெறுமைச் சுட்டை உருவாக்கியவர் என்பதுதான் இவ்வரலாற்றின் விந்தை. 1965இல், சுவிற்சலாந்து அறிஞர் நிக்கிளவுஸ் வேர்த்துடன் இணைந்து, அல்கோலுக்கு அடுத்த மொழியொன்றை அவர் வகுத்துக்கொண்டிருந்தார். அல்கோல் டபிள்யூ எனப் பின்னர் வழங்கிய அம்மொழியில் பதிவு என்னும் அமைப்பு இருந்தது. ஆள் ஒருவரின் பெயர், பிறந்த ஆண்டு, வாழ்க்கைத் துணை ஆகியவற்றை ஒரு பதிவில் அடக்கலாம். வாழ்க்கைத் துணை என்ற கட்டத்தில், துணைவரின் பதிவைச் சுட்டும் முகவரி இருக்கும். சுட்டு ஒவ்வொன்றும் எவ்வகைப் பதிவைச் சுட்டும் என்பதை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். அறிவித்தபடி அமைந்துள்ளதா என்பதைத் தொகுப்பியே சோதித்துவிடும். சுட்டுகள் யாவும் பிழைக்கு இடமற்றனவாய் இருத்தல் வேண்டும் என்பதே அவர் குறிக்கோள்.

ஆனால் மணமாகாதவரின் பதிவில் அக்கட்டத்தில் எதனை எழுதுவது? இல்லை என்று பொருள்படும் ஒரு சிறப்புக் குறியை ஹோர் அனுமதித்தார். அவ்வாறு செய்தல் மிக எளிதாக இருந்தது. எவ்வகைச் சுட்டாயினும் அதனுள் அக்குறி அமரலாம். அன்று முதல், ஆளைச் சுட்டுவேன் என்று உறுதிகூறும் ஒவ்வொரு சுட்டும் உண்மையில் ஆளைச் சுட்டவோ எதனையும் சுட்டாதிருக்கவோ உரிமை பெற்றது. உறுதிமொழியின் எழுத்து மாறவில்லை. அதன் பொருள் மாறிவிட்டது. 2009இல் இலண்டன் மாநாடொன்றில் பேசிய ஹோர், இதனைத் தமது நூறு கோடி டொலர்த் தவறு என்றே குறிப்பிட்டார்.

வெறுமையைக் குறிக்க ஒரு குறி வேண்டும் என எண்ணியது தவறாகாது. இந்தியக் கணித மரபில் பிரமகுப்தர் கி.பி. 628இல் பூச்சியத்தை ஓர் எண்ணாகவே கொண்டு, அதனைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். பழந்தமிழ் எண் முறையிலோ பூச்சியத்துக்கு உருவம் இல்லை. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தமையால் அதன் தேவை எழவில்லை. ஆயினும் பூச்சியமும் வெறுமைச் சுட்டும் ஒன்றல்ல. வங்கிக் கணக்கில் பூச்சியம் ரூபா இருத்தல் வேறு. கணக்கே இல்லாதிருத்தல் வேறு. முன்னையதனோடு நூறு ரூபாவைக் கூட்டலாம். பின்னையதனோடு எதனையும் கூட்ட இயலாது; கூட்ட முற்படுவதே பிழை. பூச்சியத்தோடு எவற்றைச் செய்யலாம் என விதி வகுத்தார் பிரமகுப்தர். வெறுமைச் சுட்டோடு எதனையும் செய்தலாகாது என்பது நிரலாளர் அனைவரும் அறிந்த விதி. அவ்விதி மீறப்படாது காப்பவர் எவர் என்பதே தீராத வினாவாய் நின்றது.

இனி அறைகளைத் திருப்பிக் கொடுக்கும் சிக்கலை நோக்குவோம். அமெரிக்க அறிஞர் ஜோன் மக்கார்த்தி 1950களின் இறுதியில் லிஸ்ப் என்னும் மொழியை வகுத்தபோது, அறைகளைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை நிரலாளரிடமிருந்து நீக்கிவிட்டார். இடம் குறையும் வேளையில் மொழியே தன் இயக்கத்தைச் சற்று நிறுத்தி, பயன்பாட்டிலுள்ள சுட்டுகளைப் பின்பற்றிச் சென்று, எட்டக்கூடிய அறைகளையெல்லாம் அடையாளமிட்டு, எஞ்சியவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். குப்பை சேகரிப்பு எனப் பெயர் பெற்ற இம்முறையை அவர் 1960இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜோர்ஜ் கொலின்ஸ் என்பார் வேறொரு வழியைக் கூறினார். ஓர் அறையைச் சுட்டும் சுட்டுகள் எத்தனை என எண்ணிக்கொண்டே வந்து, எண்ணிக்கை பூச்சியமானதும் அவ்வறையை விடுவித்தல் அவ்வழி. அது எளியது. எனினும் எவரும் நாடாத இரண்டு அறைகள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருப்பின், ஒருவர்க்கொருவர் சாட்சி சொல்லித் தப்பும் இருவரைப் போல அவை என்றும் விடுபடாது நிற்கும்.

இரு முறைகளுக்கும் பொறியின் நேரம் செலவாயிற்று. ஆகவே, 1972 அளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய சீ என்னும் மொழி, பொறுப்பு முழுவதையும் நிரலாளர் கையிலேயே விட்டது. அறை வேண்டுமாயின் அவரே கேட்டுப் பெறுவார். முடிந்தபின் அவரே விடுவிப்பார். மொழி எதனையும் சோதியாது. அதனால் சீ மிக விரைவாக இயங்கியது. இயக்க முறைமைகள் அதனிலேயே எழுதப்பட்டன.

அவ்விரைவுக்குக் கொடுத்த விலை பின்னரே தெரிந்தது. மலைநாட்டுத் தோட்டமொன்றின் லயத்தில் ஒரு குடும்பம் தன் காம்பராவை விட்டு வேறூர் சென்றுவிட்டதாகக் கொள்வோம். தோட்ட நிருவாகம் அக்காம்பராவை வேறொரு குடும்பத்துக்கு அளித்துவிட்டது. பழைய குடும்பத்தின் உறவினர் ஒருவர், தம் கையிலுள்ள பழைய எண்ணை நம்பி வந்து, கதவைத் திறந்து, உள்ளிருக்கும் அரிசியை எடுத்து உலையிலிட்டால் யாது நேரும்? எண் சரியானதே, கதவும் திறந்தது, அரிசியோ பிறருடையது. விடுவிக்கப்பட்ட அறையைப் பழைய சுட்டின் மூலம் மீண்டும் பயன்படுத்தும் பிழை இத்தகையது. வெறுமைச் சுட்டைத் தொட்டால் நிரல் பெரும்பாலும் உடனே விழுந்துவிடும். பிழை வெளிப்படையாகத் தெரியும். பழைய சுட்டைத் தொட்டாலோ நிரல் ஒன்றும் நடவாதது போலத் தொடர்ந்து இயங்கி, பிறர் தரவைக் கெடுக்கும். கெடுக்கும் நோக்கம் கொண்ட ஒருவர் அக்காம்பராவில் தாம் விரும்பியதை வைத்துவிட்டுப் போகவும் வழியுண்டு.

அட்டவணையின் எல்லையைத் தாண்டும் பிழையும் அவ்வாறே திருடர்க்கு வாயிலாயிற்று. எலியட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கைவிட மறுத்த அதே சோதனை, சீ மொழியில் இல்லை. 1988 நவம்பரில் அமெரிக்க மாணவர் ஒருவர் விடுத்த புழு என்னும் நிரல், இத்தகைய எல்லை மீறலையும் ஒரு வழியாகக் கொண்டு, இணையத்தில் அன்று இணைந்திருந்த கணினிகளுட் பல்லாயிரத்தை முடக்கியது. அந்நிகழ்ச்சி ஒரு முன்னறிவித்தலே. தமது மென்பொருள்களில் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளால் வந்தவை என்று மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2019இல் தெரிவித்தது. குரோம் உலாவியின் கடுமையான பாதுகாப்புக் குறைகளிலும் ஏறத்தாழ அதே பங்கு என்பது 2020இல் வெளியாயிற்று. திறமை மிக்க நிரலாளர் பல்லாயிரவர் பல ஆண்டுகள் கண்ணுங் கருத்துமாய் உழைத்தும் அவ்வளவு எஞ்சிற்று. எனவே குறை மனிதரின் கவனத்தில் மட்டும் இல்லை என்பது தெளிவு.

1995இல் வெளிவந்த ஜாவா மொழி, இப்பிணிகளுட் பெரும்பாலானவற்றுக்கு மருந்து தந்தது. குப்பை சேகரிப்பை அது பெருவழக்காக்கியது. எல்லைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. விடுவித்த அறையைத் தொடும் பிழைக்கு இடமே இல்லாது செய்தது. ஆயினும் ஹோரின் வெறுமைச் சுட்டை அது அப்படியே ஏற்றுக்கொண்டது. உலகெங்கும் அலுவலகங்களில் ஜாவா நிரல்கள் விழுந்த காரணங்களுள் வெறுமைச் சுட்டுப் பிழை மிகப் பழகிய பெயராயிற்று.

இப்பிழை பழங்கதையாகிவிடவில்லை. 2025 மே மாத இறுதியில் கூகிள் நிறுவனத்தின் முகிற் சேவையிலே, வரும் வேண்டுகோள்களைச் சோதித்து அனுமதிக்கும் நிரலில் ஒரு புதுப்பகுதி சேர்க்கப்பட்டது. வெறுங்கட்டங்கள் வரக்கூடும் என்பதை அப்பகுதி எதிர்பார்க்கவில்லை. இரு கிழமைகள் அது அமைதியாய்க் கிடந்தது. ஜூன் 12ஆம் நாள், சில கட்டங்கள் நிரப்பப்படாத கட்டளைப் பதிவொன்று அதனிடம் வந்தது. நிரல் வெறுமைச் சுட்டைத் தொட்டு விழுந்தது. எழுந்ததும் மீண்டும் விழுந்தது. அப்பதிவு சில நொடிகளிலேயே உலகெங்கும் பரவிவிட்டமையால், கூகிளின் சேவைகளும் அவற்றை நம்பியிருந்த பிற நிறுவனங்களின் சேவைகளும் பல மணி நேரம் தடைப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்கு முன் எளிமை கருதிச் சேர்த்த ஒரு குறி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

மாற்று வழியோ வெகு காலத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. 1970களில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ரொபின் மில்னரும் அவர்தம் குழுவினரும் எம்.எல். என்னும் மொழியை வகுத்தனர். அதன் வழிவந்த மொழிகளிலும், 1990இல் வெளியான ஹஸ்கெல் மொழியிலும், ஒரு பொருள் இல்லாதிருக்கக்கூடும் என்பதை அதன் வகையிலேயே அறிவித்தல் வேண்டும். ‘ஆள்’ என்பது ஒரு வகை. ‘ஆள் அல்லது இன்மை’ என்பது வேறொரு வகை. முன்னையது என்றும் வெறுமையாகாது. பின்னையதை நேரே பயன்படுத்த முயன்றால் தொகுப்பி மறுத்துவிடும். ஆள் இருப்பின் யாது செய்வது, இல்லையாயின் யாது செய்வது என இரண்டையும் எழுதிய பின்னரே அது ஒப்புக்கொள்ளும்.

சாதாரணத் தபாலுக்கும் பதிவுத் தபாலுக்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு ஒப்பிடலாம். சாதாரணக் கடிதத்தை வாயிலிற் போட்டுவிட்டுச் சென்றுவிடலாம். பதிவுத் தபாலுக்கோ ஒருவர் வந்து கையொப்பமிடல் வேண்டும். ஆளில்லையாயின் அவ்வாறே குறிக்கப்படல் வேண்டும். அங்கே சோதனை அஞ்சற்காரரின் நினைவாற்றலை நம்பி நிற்பதில்லை; அத்தபாலின் அமைப்பிலேயே அஃது அடங்கியிருக்கிறது. 2014இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட சுவிஃப்ட், 2016இல் முதற் பதிப்புக் கண்ட கொட்லின் ஆகிய மொழிகள் இந்நெறியைப் பெருவழக்காக்கின. வெறுமையை நீக்காது, அதனை மறைந்து வரவிடாது தடுத்தல் இவ்வழியின் சிறப்பு.

வெறுமைச் சிக்கலுக்கு இங்ஙனம் வழி பிறந்தது. குப்பை சேகரிப்பின் தாமதமும் இன்றி, சீ மொழியின் ஆபத்தும் இன்றி நினைவகத்தை ஆள வழி உண்டா என்பது எஞ்சிய வினா. அதற்கான விடையை விளங்கிக்கொள்ளக் கெலிஓயாவைத் தொட்டுச் செல்லும் புகையிரதப் பாதையே துணைபுரியும். கண்டிக்கு 1867இல் வந்த புகையிரதம், பேராதனையிலிருந்து கம்பளை வழியாக நாவலப்பிட்டிக்கு 1874இல் நீட்டப்பட்டது. மலையேறும் அப்பாதை ஒற்றைத் தண்டவாளம். அதே 1874 செப்ரெம்பரில், இங்கிலாந்தின் நோவிச் நகருக்கு அருகே, ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வந்த இரு புகையிரதங்கள் மோதி 25 பேர் மாண்டனர். உரிய ஒப்பமின்றி அனுப்பப்பட்ட ஒரு தந்தியே அவ்விரு வண்டிகளையும் ஒரே பாதையில் விட்டது. இனிக் கவனமாயிருங்கள் என்று அலுவலர்க்கு அறிவுரை கூறுவதோடு எட்வேட் ரையர் என்பார் அமையவில்லை. 1878இல் அவர் ஒரு கருவிக்கு உரிமம் பெற்றார். பாதையின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு முனையில் ஒரு தகட்டை எடுத்தால், அது திரும்ப வைக்கப்படும் வரையில் இரு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். தகடு கையிலுள்ள ஓட்டுநர் மட்டுமே அப்பகுதியில் வண்டியைச் செலுத்தலாம். வளையமிட்ட தோற்பையில் அத்தகடு நிலையந்தோறும் கைமாறும் காட்சியை மலைநாட்டுப் பயணிகள் பல்லாண்டு கண்டிருக்கின்றனர்.

ரஸ்ட் என்னும் நிரல்மொழியின் உயிர்நிலையும் இத்தகைய ஒரு தகடே. கனடா நாட்டு வன்கூவரில் வாழ்ந்த கிரேடன் ஹோர் என்னும் நிரலாளர், தம் குடியிருப்பின் மின்தூக்கி மென்பொருட் பிழையால் நின்றுபோனமையால், 2006இல் இம்மொழியைத் தொடங்கினார். மொசில்லா நிறுவனம் பின்னர் அதனை ஆதரித்தது. 2015 மே 15ஆம் நாள் முதற் பதிப்பு வெளிவந்தது. அதில் நினைவகத்து அறை ஒவ்வொன்றுக்கும் உரியவர் ஒருவரே. உரிமையைப் பிறர்க்குக் கைமாற்றலாம்; கைமாற்றியபின் முன்னவர் அவ்வறையைத் தொடலாகாது. பலர் ஒருங்கே பார்வையிட இரவல் பெறலாம்; மாற்றியெழுதுவதற்கோ ஒரு வேளையில் ஒருவருக்கே இரவல் கிடைக்கும். உரியவரின் வேலை முடிந்ததும் அறை தானே விடுபடும். இவ்விதிகளையெல்லாம் தொகுப்பி நிரல் இயங்குவதற்கு முன்பே சோதித்துவிடுகிறது. ஆகவே இயங்கும்போது குப்பை சேகரிப்பான் எதுவும் வேண்டியதில்லை. ரஸ்டில் வழக்கமான சுட்டுகளுக்கு வெறுமைக் குறியும் இல்லை. இன்மையை வகையிலேயே அறிவித்தல் வேண்டும்.

அம்மொழியின் பெயர் கண்டிச் சீமைக்குப் பழக்கமானது. எளிதில் அழியாத துருப் பூஞ்சணங்களை எண்ணியே கிரேடன் ஹோர் அப்பெயரை இட்டார். அவ்வினப் பூஞ்சணம் ஒன்றே இலங்கையின் கோப்பிப் பயிரை 1869 முதல் பற்றி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அத்தொழிலையே வீழ்த்தியது. பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டே இங்கிலாந்து அறிஞர் பேர்க்லி அதனை ஆராய்ந்து பெயரிட்டார். கோப்பி வீழ்ந்த மலைகளில் தேயிலை எழுந்தது. டொனி ஹோரின் தாய்வழிப் பாட்டனார் நடத்தியதும் தேயிலைத் தோட்டமே.

புதிய முறையால் விளைந்த பயன் எண்களிலும் தெரிகிறது. கூகிளின் அன்ட்ரொயிட் முறைமையில் நினைவகப் பிழைகளால் வந்த பாதுகாப்புக் குறைகள் 2019இல் 76 விழுக்காடாயிருந்து, 2024இல் 24 விழுக்காடாயின. பழைய நிரல்களையெல்லாம் அழித்து எழுதியதனால் வந்த பயன் அன்று அது. புதிதாய் எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கியமையே முதற் காரணம்.

இலங்கைக்கு இரண்டாம் இடம் கிடைத்தது இக்காலத்திலேயே. சஞ்சீவ வீரவர்ண தலைமையில் இலங்கையில் வளர்ந்த டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் மென்பொருள் நிறுவனம், பலரினா என்னும் நிரல்மொழியை 2017இல் அறிவித்து, 2019இல் அதன் முதற் பதிப்பை வெளியிட்டது. மொழியின் அமைப்பை வகுத்தோருள் முதன்மையானவர் ஜேம்ஸ் கிளார்க். வலைப்பின்னல் வழியே தரவுகளைப் பெற்றும் அனுப்பியும் இயங்கும் நிரல்களுக்காக அம்மொழி வகுக்கப்பட்டது. பிறர் அனுப்பும் தரவில் எக்கட்டம் நிரம்பியிருக்கும், எக்கட்டம் வெறுமையாயிருக்கும் என்பது தெரியாது. ஆதலால் வெறுமைச் சிக்கல் அங்கே அன்றாடம் எழுவது. பலரினாவில் சொற்றொடர் என அறிவித்த இடத்தில் இன்மை அமர முடியாது. அமரக்கூடும் எனின், வகையின் பெயரை அடுத்து ஒரு வினாக்குறியிட்டு அதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அவ்வினாக்குறிக்கு விடை எழுதாத நிரலைத் தொகுப்பி ஏற்பதில்லை. எம்.எல். காலந்தொட்டுப் பலர் கண்டறிந்ததையே அது பின்பற்றியது. நினைவக நிருவாகத்துக்கு ஜாவாவின் குப்பை சேகரிப்பையே நம்பி நின்றது. எனினும் 1934இல் கொழும்பிற் பிறந்தவர் எளிமை கருதி உலகுக்கு அளித்த குறிக்கு, அவர் பிறந்த நாட்டிலேயே வளர்ந்த மொழியொன்று கடிவாளமிட்டது என்பது வரலாற்றில் நிலைபெற்றுவிட்டது.

இக்காவல்களுக்கும் எல்லை உண்டு. தகடு கையிலிருப்பினும், வளைவில் அளவுக்கு மீறி விரைந்தோடும் வண்டி தடம் புரளும். அதுபோல, கணக்கைத் தவறாக எழுதிய நிரலைத் தொகுப்பி திருத்திவிடாது. ரஸ்ட் மொழியைக் கற்பது கடினம் எனப் பலர் கூறுவதும் உண்மையே. சோதனை வேண்டாம் என நிரலாளரே விலக்கிக்கொள்ளும் வாயில்களும் இம்மொழிகளில் உண்டு. உலகின் வங்கிகளும் மருத்துவமனைகளும் நம்பியிருக்கும் பழைய நிரல்களுட் பெரும்பகுதி இன்னும் பழைய மொழிகளிலேயே உள்ளது. அதனை ஒரே தலைமுறையில் மாற்றி எழுத ஆளுமில்லை, பொருளுமில்லை.

ஆயினும் திசை தெளிவாகிவிட்டது. ஒற்றைத் தண்டவாளத்தில் மோதல் நேர்ந்தபோது, காவல் மனிதரின் நினைவிலிருந்து கருவிக்கு மாற்றப்பட்டது. நினைவகப் பிழைகளுக்கும் அத்தகைய மாற்றம் வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. கணினி மெதுவாயிருந்த 1960களில் எலியட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சோதனைக்கான விலையை மனமுவந்து கொடுத்தனர். கணினி பன்மடங்கு விரைந்த பின்னர் வந்தோர் அவ்விலையைக் கொடுக்கத் தயங்கினர். மணமாகாதவர் என்றும் இருப்பர். நிரப்பப்படாத கட்டங்களும் என்றும் இருக்கும். அக்கட்டம் வெறுமையாயிருக்கலாம் என்பதைப் பதிவேட்டின் தலைப்பிலேயே எழுதிவைத்தால், அதனைப் படிப்பவர் எவரும் நடுவழியில் ஏமாறமாட்டார்.